வயிற்றைப் பார்த்து ஊர் போடும் கணக்கு

வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயைப் பற்றியவை அல்ல. கருவுற்ற உடலைப் பார்த்து மற்றவர்கள் சொல்லும் சொற்களைப் பற்றியவை. அவற்றுள் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் எழுதிய நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். முப்பதாவது வாரம் நடக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். வயிறு சிறிதாகத் தெரிவதால், பார்க்கிறவர்கள் எல்லோரும், “ஏழு மாசம்னு சொல்லுத, வயறு ஒண்ணும் தெரியல்லியே மக்களே, பிள்ளைக்கு வளர்ச்சி உண்டா?” என்று கேட்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கேட்காமலே வயிற்றில் கைவைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பேருந்தில் ஏறியதும் சுடிதாரின் மேல்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்; அப்படியாவது கர்ப்பிணி என்று தெரிந்தால்தான் யாராவது இடம் கொடுப்பார்கள். வீட்டில் மாமியார் ஒவ்வொரு வேளையும் இரண்டு பங்கு சாப்பிடச் சொல்கிறார். என் உயரம் 162 சென்டிமீட்டர்; கருவுறும் முன் 56 கிலோ இருந்தேன், இப்போது 64 கிலோ. மருத்துவர் எல்லாம் சரி என்கிறார். ஆனாலும் பயம் போகவில்லை.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் எடை, உயரம், வாரம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் எடை ஏற வேண்டிய விதத்திலேயே ஏறியிருக்கிறது. உங்களைப் போல் சராசரி உடல்வாகு கொண்ட பெண்ணுக்குக் கர்ப்ப காலம் முழுவதிலும் பத்து முதல் பன்னிரண்டு கிலோ வரை கூடினால் போதும் என்பது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவில் 2009-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல் இதையே 11.5 முதல் 16 கிலோ வரை என்று வகுத்திருக்கிறது. முப்பதாவது வாரத்தில் எட்டு கிலோ என்பது இவ்விரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் கவலைக்குரியதன்று.

வயிறு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைக் குழந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இன்னும் தளராமல் இருப்பதால் கருப்பை உள்ளுக்குள் அணைந்தே வளரும். உயரமான பெண்ணுக்கு அது மேல்நோக்கி வளர இடம் அதிகம். குழந்தை குறுக்காகக் கிடக்கிறதா, தலை கீழாக நிற்கிறதா, பனிக்குட நீர் எவ்வளவு, கருப்பை முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. இதே குழந்தை, நான்கரை அடி உயரமுள்ள, மூன்றாம் பேறுக்காக வந்திருக்கும் ஒருவரின் வயிற்றில் இருந்தால் ஐந்தாம் மாதத்திலேயே தெருவுக்கே தெரியும். எங்கள் புறநோயாளிப் பிரிவில் பெஞ்சில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக் கலங்குவதை அடிக்கடி காண்கிறேன். அட்டையைப் புரட்டினால் இருவர் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே எடையில் இருக்கும்.

வளர்ச்சியை அறிய எங்களிடம் டேப் இருக்கிறது. இருபத்து நான்காவது வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்றின் கீழ் எலும்பு விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால் வரும் சென்டிமீட்டர், வாரக் கணக்குக்கு இரண்டு முன்பின்னாக ஒத்திருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது 28 முதல் 32 வரை இருந்தால் சரி. அடுத்த முறை செல்லும்போது அந்த எண்ணைக் கேட்டு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அளவு குறைந்தாலோ, முந்தைய வருகைக்குப் பின் கூடாமல் நின்றுவிட்டாலோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். குழந்தையின் வளர்ச்சி உண்மையிலேயே குறைகிற கர்ப்பங்களும் உண்டு, அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை அளவுகளும். இதனுடன் இரத்த அழுத்தமும், 11 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும், நாள்தோறும் உணரும் குழந்தையின் அசைவும் முக்கியம். வழக்கமாகத் துடிக்கிற குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டு பங்கு சாப்பிடும் விஷயத்தில் உங்கள் மாமியாரின் அன்பை நான் குறை சொல்லவில்லை. கணக்கு மட்டுமே தவறு. நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி. ஒரு சிறு சிற்றுண்டியிலேயே அது கிடைத்துவிடும். அதைச் சாளை, நெத்திலி போன்ற சிறு மீனாகவும், முட்டை, பயறு, கீரையாகவும் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு நேரே பயன்படும். ஏழாம் மாதப் பலகாரத்தில் வந்த முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் வயிறு பெரிதாக வேண்டும் என்பதற்காகத் தின்றால் வயிறு பெரிதாகாது, சர்க்கரைதான் கூடும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான பரிசோதனையில், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வந்த அளவு 140-க்குக் கீழே இருந்ததா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஊர்ப்பேச்சு. வயிற்றைப் பார்த்துக் கணிக்கும் பழக்கம் மருத்துவச்சிகளின் காலத்திலிருந்து வருவது. நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவப்பணி தொடங்கிய பின்னரும் நம் பக்கத்துப் பெண்கள் நெடுங்காலம் வீட்டில்தான் பெற்றார்கள். பேறு பார்க்க வந்த மருத்துவச்சி கதவைச் சாத்திவிட்டு, கையால் தொட்டுப் பார்த்து, குழந்தையின் கிடையையும் வளர்ச்சியையும் சொல்வார். சொன்னதற்கு அவரே பொறுப்பும் ஏற்பார். ஸ்கேன் இல்லாத காலத்தில் அது உயிர் காத்த அறிவு. இன்று கோயில் வாசலிலும் பேருந்திலும் சொல்கிறவர்களுக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, பொறுப்பும் இல்லை. அவர்களுடைய அக்கறை உண்மையானதாகவே இருக்கலாம்; ஆனால் அதன் விளைவாக ஒரு பெண் இரவில் தூங்காமல் கிடக்கிறாள் என்றால் அந்த அக்கறையால் அவளுக்கு யாதொரு நன்மையும் இல்லை. “டாக்டர் அளந்து பார்த்துச் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க மாமி” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு வளரும். வயிற்றில் கைவைக்க வருகிறவரை ஓர் அடி பின்னால் நகர்ந்து தடுப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. உண்மையில் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. உடன் வரும் கணவரோ மாமியாரோ சொன்னால் இரண்டாம் முறை எவரும் கேட்கமாட்டார்கள். அவர்களிடம் இப்பக்கத்தைக் காட்டுங்கள்.

பேருந்தில் சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்ட வேண்டிய தேவை உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. “நான் மாசமா இருக்கேன், கொஞ்சம் இடம் தாருங்க” என்று நடத்துநரிடமோ அருகில் இருப்பவரிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். வயிறு தெரியாத முதல் மூன்று மாதங்களில்தான் தலைசுற்றலும் வாந்தியும் அதிகம் என்பதை, பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். வளைகாப்புக்கு முன்பு கடற்கரையில் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன், கணவருக்கும் விருப்பம்தான். ஆனால் என் பெரியம்மை, “வயிற்றைக் காட்டிப் படம் பிடிக்கிற வழக்கம் நம்ம குடும்பத்தில் கிடையாது, கண்ணு பட்டுரும்” என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்வது தவறா?
— வாசகி, சுசீந்திரம்

பதில்: தவறில்லை. ஆடிப்பூரத்தையொட்டித் திருநெல்வேலியில் காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்தி, வளையல் சாத்தி, ஊர்கூடிக் கண்டு வணங்கும் மரபு நம்முடையது. கருவுற்ற வயிறு மறைத்து வைக்க வேண்டிய குற்றம் என்று அந்த மரபு எங்கும் சொல்லவில்லை. அதைவிட ஒன்றை நம் மாவட்டத்துப் பெண்கள் மறக்கக் கூடாது. மார்பை மறைத்து மேலாடை அணிவதற்காக இதே மண்ணில், அன்றைய தென்திருவிதாங்கூரில், பெண்கள் 1820-களிலிருந்து அடியும் அவமானமும் பட்டுப் போராடி, 1859-இல்தான் அரசாணையைப் பெற்றார்கள். தோள்சீலைப் போராட்டத்தின் பேத்திகளாகிய நாம், நம் உடலை எந்த அளவு மூடுவது, எந்த அளவு காட்டுவது என்பதை ஊரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இதே காரணத்தால், படம் எடுக்க விருப்பமில்லாத பெண்ணைத் தோழிகளும் கணவரும் வற்புறுத்துவதும் எனக்கு உடன்பாடன்று. எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதற்காக வெட்கத்தோடு நின்று சிரிக்கும் பெண்களும் இப்போது கூடிவருகிறார்கள்.

பெரியம்மையிடம், படத்தை எங்கும் பதிவிடாமல் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய அச்சம் பெரும்பாலும் வெளியார் கண்ணைப் பற்றியதாகவே இருக்கும். மருத்துவராக நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முட்டத்துப் பாறைகளில் ஏற வேண்டாம். எட்டாம் மாதத்தில் உடலின் எடை முன்னோக்கிச் சாய்ந்து, இடுப்பு மூட்டுகளும் தளர்ந்திருக்கும். ஈரப் பாறையில் கால் வழுக்கினால் சமாளிக்க முடியாது. சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ அலைக்குத் தள்ளி, மணலில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பிணியான எனக்குக் கழுத்தும் அக்குளும் கறுத்துவிட்டன, கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கிறது, வயிற்றில் சிவந்த வரிகள் விழுந்துவிட்டன. “முகம் இப்படிக் கறுத்தால் ஆண்பிள்ளைதான்” என்று நாத்தனார் சொல்கிறார். மாமியார் குங்குமப்பூ வாங்கித் தருகிறார். நான் இணையத்தில் பார்த்து முகம் வெளுக்கும் க்ரீம் ஒன்றை வரவழைத்திருக்கிறேன். பூசலாமா?
— வாசகி, தக்கலை

பதில்: பூச வேண்டாம். இந்த ஒரு சொல்லை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வருகிறேன். முகம் வெளுக்க விற்கப்படும் க்ரீம்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று சரிவரக் குறிப்பிடாதவை பல. அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்து எச்சரித்தார்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லக்கூடியது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் சேர்ந்த க்ரீம்களையும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். வெயிலில் போகும்போது குடையும், துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனும் போதுமானவை.

கழுத்தும் அக்குளும் கறுப்பது, தொப்புளுக்குக் கீழே கருங்கோடு விழுவது, கன்னத்தில் மங்கு படர்வது ஆகியவை கர்ப்ப கால ஹார்மோன்கள் தோலின் நிறமிச் செல்களைத் தூண்டுவதால் ஏற்படுபவை. பெரும்பாலும் பேறுக்குப் பின் சில மாதங்களில் மெல்ல மங்கிவிடும்; மங்கு மட்டும் சிலருக்குக் கூடுதல் காலம் நிற்கும். கர்ப்பத்துக்கு முன்பே கழுத்தில் தடித்த கறுப்பு இருந்திருந்தால், அது சர்க்கரை நோய் வரக்கூடிய போக்கின் அடையாளமாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்று வரிகள், தோல் விரிகிற வேகத்தாலும் பரம்பரையாலும் வருகின்றன. பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு விழும். அவற்றைத் தடுக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட எண்ணெயோ க்ரீமோ கிடையாது. தேங்காய் எண்ணெய் பூசினால் அரிப்பு அடங்கும். அந்த அளவுக்கு நல்லது. சிவந்த வரிகள் காலப்போக்கில் வெளிறித் தழும்பாக நிற்கும். ஆனால் தடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கடுமையாக அரித்தால் அது கல்லீரல் தொடர்பான கோளாறாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை அவசியம்.

குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. நிறம் பெற்றோரின் மரபணுக்களிலிருந்து வருகிறது. பிறக்காத குழந்தைக்கே நிறம் தேடிக் கொடுக்கும் வீட்டில், கறுத்துப்போன தாய் தன்னை எப்படி நினைத்துக்கொள்வாள் என்பதையும் அந்த வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். நாத்தனாரின் ஆருடத்துக்கும் அடிப்படை இல்லை. ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவந்ததா, ஒய் குரோமோசோமைக் கொண்டுவந்ததா என்பதைப் பொறுத்துக் கருத்தரித்த நொடியிலேயே முடிந்துபோன விஷயம். முகக்கறுப்பிலோ, வயிறு உருண்டிருக்கிறதா கூர்ந்திருக்கிறதா என்பதிலோ அது எழுதியிருக்கவில்லை. ஸ்கேன் செய்கிற நாங்கள் பாலினத்தைச் சொன்னாலே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில், ஒரு தாயின் முகத்தைப் பார்த்து ஆண் என்று மகிழ்வதும் பெண் என்று முகம் சுளிப்பதும் இன்னும் நடப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. பெண் என்று கணிக்கப்பட்ட வயிற்றோடு மிச்ச மாதங்களைக் கழிக்கிற பெண்ணுக்கு, அந்த வீட்டுப் பரிவு குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் குளச்சல் பக்கத்தைச் சேர்ந்தவன், வளைகுடாவில் வேலை செய்கிறேன். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம், “நல்லாத் தடிச்சிட்டியே, வயறு கட்டல்லியா?” என்கிறார்களாம். நானும் வீடியோ அழைப்பில் விளையாட்டாக ஒருமுறை அவளது உடம்பைக் கேலி செய்துவிட்டேன். இப்போது போனைக் குழந்தையின் பக்கம் மட்டுமே திருப்பி வைக்கிறாள். அவள் முகத்தைக் காட்டுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, கேலி செய்ததை நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்கு அவரிடம் நேராக மன்னிப்புக் கேளுங்கள். “விளையாட்டுக்குத்தானே சொன்னேன்” என்ற பின்னொட்டு வேண்டாம். ஊரார் நூறு பேர் சொன்னாலும் ஆறிப்போகும் சொல், கணவன் வாயிலிருந்து வந்தால் ஆறுவதில்லை.

மனைவியின் உடலில் நடந்திருப்பதை நீங்கள் அறிந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது. பேறு முடிந்தபோது அவரது கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருந்தது; அது பழைய அளவுக்குச் சுருங்குவதற்கே ஆறு வாரம் பிடிக்கும். ஒன்பது மாதம் விலகி நின்ற நடுவயிற்றுத் தசைகள் சேர்வதற்கு அதைவிட நீண்ட காலமாகும்; சிலருக்கு இடைவெளி தானாகச் சேர்வதில்லை, இயன்முறை மருத்துவரின் பயிற்சி தேவைப்படும். கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பின் ஒரு பகுதி, பால் சுரப்பதற்காக உடல் சேமித்து வைத்தது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆகவே எடை குறைக்கப் பட்டினி கிடக்கும்படி யாரும் சொல்லக் கூடாது. அதே வேளையில், நெய்யும் கருப்பட்டியும் ஊற்றிக் கிளறிய பிரசவ லேகியத்தைக் காலை மாலை உருண்டை உருண்டையாக ஊட்டிவிட்டு, பிறகு தடித்துவிட்டாள் என்று பேசுவது நியாயமே இல்லை. வயிற்றை முண்டால் இறுக்கிக் கட்டினால் தசை சேராது. அளவுக்கு மீறி இறுக்கினால் இடுப்புத் தளத் தசைகளுக்குத்தான் அழுத்தம். அறுவைச் சிகிச்சைத் தழும்புக்கு ஆதரவாக மென்மையாகக் கட்டுவது வேறு. நடைப்பயிற்சியும், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இப்போது தொடங்கலாம்.

முகம் காட்டாமல் இருப்பதை நான் வெறும் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் வரும் அழுகையும் சலிப்பும் தாமாகவே நீங்கிவிடும். அதன் பிறகும் தூக்கமின்மை, பசியின்மை, குழந்தை மீது பற்றில்லாமை, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. குணப்படுத்தக்கூடிய நோய், ஆனால் சிகிச்சை வேண்டும். குழந்தை உறங்கும் நேரத்திலாவது அவர் உறங்குகிறாரா என்று அவரிடமும் அவருடைய அம்மையிடமும் கேளுங்கள். எடையும் அசதியும் மட்டும் குறையாமல் நின்றால் தைராய்டு பரிசோதனையும் செய்ய வேண்டும், ஏனெனில் பேறுக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் தைராய்டு கோளாறு வருவதுண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டையும் காட்டலாம். உடனே பேசுவதற்கு ஆள் தேவைப்பட்டால், டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையோ, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்துவிடும் என்ற அச்சத்தையோ அவர் வெளிப்படுத்தினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

வருகிறவர்களின் வாயை அடைப்பது உங்கள் மனைவியின் வேலையன்று. உங்கள் அம்மையையும் மைனியையும் நீங்களே அழைத்து, குழந்தை பார்க்க வருகிறவர்கள் அவளது உடம்பைப் பற்றிப் பேசினால் அங்கேயே தடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தொலைவில் இருந்தாலும் இதை உங்களால் இன்றிரவே செய்ய முடியும்.